இருபத்தொரு நாள் ஊசி

வயது இருபத்திரண்டு. ஏழாம் மாதக் கர்ப்பம். ஒரு வாரமாக அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் பார்த்தாள், பிறகு மூன்று வைத்தாள். இப்போது சுவரில் சாய்ந்தபடியே விடியும்வரை விழித்திருக்கிறாள். "மாசம் ஏற ஏற மூச்சு வாங்கத்தான் செய்யும். நான் உன் புருஷன வயித்துல வச்சிருந்தப்போ இப்படித்தான் கெடந்தேன்" என்று மாமியார் ஆறுதல் சொல்கிறார். இன்று அதிகாலை இருமல் வந்தது. கூடவே இளஞ்சிவப்பு நிறத்தில் நுரைத்த சளியும் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் எல்லோரும் எழுந்து ஆட்டோ பிடிக்க ஓடினார்கள்.

மருத்துவமனையில் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் இடது பக்கத்து வால்வு ஒன்று பல ஆண்டுகளாகச் சுருங்கிச் சுருங்கி, இருக்கவேண்டிய அளவில் கால் பங்குகூட இல்லாமல் கிடந்தது. மருத்துவர் அவளுடைய அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?"

அம்மா யோசித்துச் சொன்னார்: ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு முட்டி வீங்கியது. அது வடிந்ததும் மற்ற காலில் கணுக்கால் வீங்கியது. பத்துப் பதினைந்து நாளில் தானாகச் சரியாகிவிட்டது. விளையாடும்போது விழுந்திருப்பாள் என்று விட்டுவிட்டோம்.

அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் தொண்டை வலி வந்ததா என்ற அடுத்த கேள்விக்கு அம்மாவிடம் பதில் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தொண்டை வலியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. நம் நாட்டு இதயநோய்ப் பிரிவுகளின் வாசலுக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்த எத்தனையோ இளம்பெண்களின் கதை இது. இதயம், நுரையீரல், ரத்தக் குழாய் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கும் இந்த நோயின் பெயர் ருமாட்டிக் இதய நோய். உலகில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இதோடு வாழ்கிறார்கள். ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் இறக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நோய் தொடங்கியது, யாருக்கும் நினைவில்லாத ஒரு தொற்றில்.

மடை சுருங்கினால்

இதயத்தை ஒரு பம்பு என்று பள்ளியில் படித்தோம். சரியாகச் சொன்னால், ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்த இரண்டு பம்புகள். வலது பக்கம், உடலைச் சுற்றி வந்த ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட ரத்தம் இடது மேலறைக்கு வந்து, இடது கீழறைக்கு இறங்குகிறது. கீழறை அதை உடல் முழுதும் தள்ளுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் நான்கு வால்வுகள் திறந்து மூடுகின்றன.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. இரண்டு இதழ் கொண்டது. கிறித்தவ ஆயர்கள் அணியும் உயரமான தொப்பியை ஒத்திருப்பதால், 16ஆம் நூற்றாண்டு உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் தொப்பியின் பெயரையே அதற்கு வைத்தார். நல்ல நிலையில் இந்த இதழ்கள் மெல்லியவை. நூல் போன்ற நார்கள் அவற்றைக் கீழறைச் சுவரோடு இழுத்துக் கட்டியிருக்கும். திறக்கும்போது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். ருமாட்டிக் நோயில் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நார்கள் குட்டையாகி இறுகுகின்றன. கடைசியில் மீன் வாய் திறந்ததுபோல் ஒரு சிறு பிளவு மிஞ்சுகிறது. அது 1.5 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நோய் கடுமை என்று கணக்கு. நம் கர்ப்பிணிக்கு இருந்தது 1.

வால்வு இதயத்தில் இருக்க, திணறல் ஏன் நுரையீரலில் வருகிறது?

கண்மாயையும் மடையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மடை அடைத்துக்கொண்டால் கீழே வயல் காய்வதற்கு முன்பே மேலே கண்மாயில் நீர்மட்டம் ஏறும். வரத்துக்கால்வரை தண்ணீர் எதிர்த்து நிற்கும். பிறகு கரை கசியத் தொடங்கும். இடது மேலறைக்கும் நுரையீரலுக்கும் நடுவே வால்வு எதுவும் கிடையாது. அந்த அறையில் ஏறும் அழுத்தம் அப்படியே நுரையீரலின் நுண்குழாய்களுக்குப் போய்ச் சேர்கிறது.

அந்த நுண்குழாய்களில் அழுத்தம் சாதாரணமாக 10 மில்லிமீட்டர் பாதரசம் அளவில்தான் இருக்கும். ரத்தத்திலுள்ள புரதங்கள் நீரை உள்ளே பிடித்து வைக்கும் விசை ஏறத்தாழ 25. நடுவிலுள்ள இந்த 15தான் நம் நுரையீரலை உலர்வாக வைத்திருக்கிறது. அழுத்தம் 25ஐத் தாண்டினால் நீர் குழாயிலிருந்து கசிந்து காற்றுப்பைகளில் இறங்குகிறது. காற்று இருக்கவேண்டிய இடத்தில் நீர். அந்த நீர் மூச்சுக்காற்றோடு கலந்து நுரைத்து, சில ரத்த அணுக்களையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும்போது, அதிகாலையில் அவள் பார்த்த இளஞ்சிவப்புச் சளியாகிறது.

படுத்தால் திணறுவதற்கும் காரணம் இதுவே. நிற்கும்போது காலிலும் வயிற்றிலும் தங்கும் ரத்தம், படுத்தவுடன் நெஞ்சுக்குத் திரும்புகிறது. கண்மாய்க்கு வரத்து கூடுகிறது, மடை மட்டும் அதே அளவில் நிற்கிறது.

பன்னிரண்டு வருடம் பேசாமல் கிடந்த வால்வு கர்ப்பத்தில் ஏன் வாய் திறந்தது? கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. ஏழு, எட்டாம் மாதத்தில் அது உச்சத்தைத் தொடுகிறது. இதயமும் வேகமாகத் துடிக்கிறது. மைட்ரல் வால்வு திறந்திருப்பது, கீழறை ஓய்வெடுக்கும் கணத்தில் மட்டும். துடிப்பு வேகமானால் அந்த ஓய்வு குறுகும், சுருங்கிய வழியில் ரத்தம் இறங்க நேரம் போதாது. மூச்சு திணறினால் பயம் வரும், பயந்தால் துடிப்பு இன்னும் ஏறும். இதய வேகத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் முதல் மணி நேரத்திலேயே தேடுவது இதனால்தான்.

கர்ப்பம் வராதவர்களிலும் கதை நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கும் நுரையீரல் தமனிகள் தடித்து இறுகுகின்றன. அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போகிறது. கால் வீங்குகிறது, கல்லீரல் பெருக்கிறது. இன்னொரு பக்கம், இடது மேலறை பலூன்போல் விரிந்து, ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமே நடுங்கத் தொடங்குகிறது. ரத்தம் ஓடாமல் தேங்கும் மூலையில் உறைகிறது. அந்த உறைகட்டியில் ஒரு துண்டு பெயர்ந்து மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால், முப்பது வயதில் ஒரு கை, ஒரு கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போய்விடும்.

ஆள்மாறாட்டம்

இத்தனைக்கும் காரணமான கிருமி இதயத்துக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. அதன் இடம் தொண்டை. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மணிமாலைபோல் கோத்து நிற்கும் இந்த நுண்ணுயிரிகளைப் பிரிவு பிரிவாக வகைப்படுத்தியவர் அமெரிக்க விஞ்ஞானி ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு. ஆண்டு 1933.

இக்கிருமி தன் மேனியில் எம் புரதம் என்ற ஒன்றைப் போர்த்தியிருக்கிறது. அதன் சில பகுதிகள் நம் இதயத் தசைப் புரதமான மயோசினின் சாயலில் அமைந்தவை. தொண்டையில் கிருமியைக் கண்ட நோய் எதிர்ப்பு மண்டலம் அதன் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு எதிர்ப்பொருள்களையும் செல்களையும் தயாரிக்கிறது. தொண்டை வலி ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. எதிரியைத் தேடிப் புறப்பட்ட படையோ, ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து, அதே சாயல் கொண்ட நம் சொந்தத் திசுக்கள்மீது அது பாய்கிறது. குற்றம் செய்தவன் ஓடிப்போன பிறகு, அவன் முகச்சாயலில் இருப்பவனைப் பிடித்து அடிப்பதுபோல.

அடி விழும் இடங்கள் பல. மூட்டில் விழுந்தால் வீக்கம். அது ஒரு மூட்டில் தங்காமல் முட்டி, கணுக்கால், மணிக்கட்டு என்று தாவும். மூளையில் விழுந்தால் கை கால் தானாகத் துள்ளும். இது சிறுமிகளுக்கே அதிகம். கையெழுத்து திடீரென்று கோணலாகி, டம்ளரைக் கீழே போட்டு, பள்ளியிலும் வீட்டிலும் திட்டு வாங்கும் சில பிள்ளைகளுக்கு உண்மையில் இந்த நோய்தான் வந்திருக்கும். இந்த அடையாளங்களை அடுக்கி, எவை சேர்ந்திருந்தால் இந்தத் தாக்குதலை ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லலாம் என்ற அளவுகோலை 1944இல் டக்கெட் ஜோன்ஸ் வகுத்தார். திருத்தங்களோடு இன்றும் அது பயன்படுகிறது.

மூட்டு வீக்கம் ஒரு தழும்பும் இல்லாமல் ஆறிவிடும். மூளையின் துள்ளலும் மாதக்கணக்கில் அடங்கிவிடும். வால்வு மட்டும் ஆறாது. இந்த நோய் மூட்டைத் தடவிவிட்டுப் போகும், இதயத்தில்தான் பல் பதிக்கும் என்ற கருத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் லாசேக் சொல்லிவைத்தார். வீட்டார் பார்ப்பது மூட்டை. வீக்கம் வடிந்ததும் நிம்மதியாகிறார்கள். அந்த நிம்மதிதான் ஆபத்தானது.

ஒரு முறை தாக்குதலோடு வால்வு முழுதும் கெட்டுவிடுவது குறைவு. அடுத்த முறை அதே வகைக் கிருமி தொண்டைக்கு வந்தால் பழைய பகை கிளம்புகிறது. தழும்பின்மேல் தழும்பு. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் இப்படி எத்தனை முறை நடந்தது என்பதே, இருபது வயதில் வால்வு எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மேற்கு நாட்டுப் புத்தகங்களில் மைட்ரல் சுருக்கம் நடுவயதில் வரும் நோய். இந்தியாவில் அது பலருக்கு இருபது வயதுக்குள்ளேயே முற்றிவிடுகிறது என்பதை சுஜய் பி. ராய், வி. ராமலிங்கசுவாமி உள்ளிட்ட தில்லி மருத்துவர்கள் 1963இல் 'லான்செட்' இதழில் எழுதி உலகுக்குத் தெரிவித்தார்கள்.

முதல் தாக்குதலுக்கும் வால்வு கெடுவதற்கும் நடுவிலுள்ள தாமதம்தான் நமக்குக் கிடைத்த அவகாசமும். இரண்டாவது, மூன்றாவது தொற்றைத் தடுத்துவிட்டால் வால்வைக் காப்பாற்றலாம். ஆனால் மருத்துவ வரலாறு முதலில் தொண்டைக்குப் போகவில்லை. கெட்டுப்போன வால்வை நோக்கித்தான் போனது.

விரல் நுழைந்த கதவு

இறுகிய வால்வைக் கத்தியால் திறக்கலாமே என்று 1902இல் லண்டன் மருத்துவர் லாடர் பிரன்டன் எழுதியபோது சக மருத்துவர்கள் அவரைக் கண்டித்தார்கள். துடிக்கும் இதயத்தில் கைவைப்பது அன்று நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 1923இல் பாஸ்டனில் எலியட் கட்லர் ஒரு 12 வயதுச் சிறுமிக்கு அதைச் செய்தார். சிறுமி நான்கு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தாள். அடுத்து அவர் அறுவை செய்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, அவர் நிறுத்திக்கொண்டார்.

1925இல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்ற அறுவை மருத்துவர் வேறு வழி கண்டார். ஒரு இளம்பெண்ணின் இடது மேலறையில் காதுமடல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத் திறந்து, தன் ஆட்காட்டி விரலை உள்ளே விட்டார். கண் பார்க்க முடியாத இடத்தில் விரல் நுனியால் வால்வைத் தடவி அறிந்து, விரலாலேயே வழியை விரித்தார். அந்தப் பெண் பிழைத்தாள், வீடு திரும்பினாள். அதன்பின் சூட்டருக்கு இப்படி இன்னொரு நோயாளியை ஒரு மருத்துவரும் அனுப்பவில்லை. கோளாறு வால்வில் இல்லை, இதயத் தசையில்தான் என்று அன்றைய மருத்துவம் நம்பியது. ஐந்து ஆண்டு கழித்து அந்தப் பெண்ணும், மூளைக் குழாயை ஓர் உறைகட்டி அடைத்ததில் இறந்தாள்.

வழி மீண்டும் திறக்க 23 ஆண்டுகள் ஆயின. 1948 ஜூன் 10 அன்று பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லிக்கு இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு அறுவைகள். அதற்கு முன் அவர் கையில் நோயாளிகள் இறந்திருந்தார்கள். அன்று காலை அறுவை செய்தவரும் இறந்தார். செய்தி பரவி யாராவது தடுத்துவிடுவதற்குள், பிற்பகல் மற்ற மருத்துவமனைக்குப் போய் 24 வயதுப் பெண்ணொருத்தியின் வால்வைத் திறந்தார். அவள் பிழைத்தாள். அதே மாதத்தில் பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும், செப்டம்பரில் லண்டனில் ரஸல் பிராக்கும் இதே அறுவையில் வென்றார்கள்.

அடுத்த ஆண்டே, 1949இல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். மூச்சிரைக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் வேலூருக்கு வந்தபடி இருந்தார்கள். மூடிய நிலையில், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே, செயற்கை ரத்த ஓட்டக் கருவி எதுவும் இல்லாமல் செய்யும் இந்த வால்வு அறுவையில் அந்தத் துறை உலகம் கவனிக்கும் இடத்துக்கு உயர்ந்தது. 1983இல் ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவினரும் 'சர்குலேஷன்' இதழில், தொடர்ச்சியாக அறுவை செய்த 3,724 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். ஒரே மருத்துவமனையில் 3,724 பேர். அறுவைக்கூடத்தின் கைத்திறனுக்கு அந்த எண் சாட்சி. ஆயிரக்கணக்கான தொண்டைகளில் நாம் நோயைத் தவறவிட்டதற்கும் அதே எண் சாட்சி.

சொந்தமாகச் செய்த வால்வு

விரல் செய்த வேலையைப் பலூன் செய்யும் காலம் 1980களில் வந்தது. ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே வடிவமைத்த பலூன், ஊதும்போது நடுவில் இடுப்புபோல் குறுகி உடுக்கை வடிவம் கொள்ளும். தொடைச் சிரையில் ஓர் ஊசித்துளை போதும். அதன் வழியே குழாயை இதயத்துக்கு ஏற்றி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, வால்வின் நடுவில் பலூனை நிறுத்தி ஊதுகிறார்கள். ஒட்டிய ஓரங்கள் பிரிகின்றன. நம் கர்ப்பிணிக்கும் இதைத்தான் செய்தார்கள், வயிற்றைக் கதிர்வீச்சுக் கவசத்தால் மூடிக்கொண்டு. மேலறை அழுத்தம் மேசையிலேயே இறங்கியது. அன்றிரவு ஒரு தலையணையில் அவள் உறங்கினாள்.

பலூனுக்கும் எல்லை உண்டு. சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிட்ட வால்வையும், மூட முடியாமல் ஒழுகும் வால்வையும் ஊதித் திறந்து பயனில்லை. மாற்றத்தான் வேண்டும். வெளிநாட்டுச் செயற்கை வால்வின் விலை நம் மக்களுக்கு எட்டாத காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் தலைவராயிருந்த அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், வால்வை இங்கேயே செய்வது என்று முடிவெடுத்தார். முதல் மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. நான்காவது மாதிரி நின்றது. கோபால்ட், குரோமியம் கலந்த உலோகச் சட்டம், தேய்மானம் தாங்கும் பாலிஎத்திலீன் தட்டு, பாலியெஸ்டர் துணி வளையம். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றது. சித்ரா வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் துடித்திருக்கிறது.

உலோக வால்வு வைத்தவருக்கு வேறொரு வாழ்க்கை தொடங்குகிறது. வால்வில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வகை மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். அளவு கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் உறைகட்டி. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி எடுத்துப் பார்க்கவேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்வதால், ஒரு வாரம் கீரையே தொடாமல் மறு வாரம் தினமும் முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டாலும் கணக்கு தவறும். கருவுற்றால் தாய்க்குத் தேவையான அதே மருந்து குழந்தைக்குக் கேடு செய்யலாம். பரிசோதனை வேண்டாத புதிய மருந்துகள் வந்துவிட்டனவே என்று தோன்றலாம். அவை உலோக வால்வுக்கு ஆகாது. வால்வு மாற்றாத, மேலறை நடுங்கும் ருமாட்டிக் நோயாளிகளிடம் 24 நாடுகளில் அவற்றில் ஒன்றைச் சோதித்தார்கள். 4,500க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது: பழைய மருந்து எடுத்தவர்களில்தான் இறப்பு குறைவு.

ஒவ்வொரு கட்டத்திலும் சிகிச்சை உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் விலை ஏறுகிறது, வாழ்க்கை சுருங்குகிறது.

கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே

பெய்லியும் ஹார்க்கனும் வால்வைத் திறந்த அதே காலத்தில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஃபோர்ட் வாரன் என்ற விமானப்படைத் தளத்தில் வேறொரு வேலை நடந்தது. பயிற்சிக்கு வந்த இளைஞர்களிடையே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலி ஓயாமல் பரவியது. சார்லஸ் ராமல்காம்ப் தலைமையில் ஃபிளாய்டு டென்னி, லூயிஸ் வான்னமேக்கர் முதலானோர் அவர்களை ஆராய்ந்தார்கள். தொண்டை வலிக்குப் பெனிசிலின் பெற்ற 798 பேரில் 2 பேருக்கும், பெறாத 804 பேரில் 17 பேருக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. 1950இல் வெளியான இந்த முடிவு, இதய நோய் ஒன்றைத் தொண்டையிலேயே தடுக்கலாம் என்று காட்டியது. தொண்டை வலி தொடங்கிய ஒன்பதாம் நாள்கூடக் காலம் கடந்துவிடவில்லை என்றும் அவர்கள் கண்டார்கள்.

அதே ஆய்வாளர்கள் கட்டில்களுக்கு நடுவிலுள்ள தூரத்தையும் அளந்தார்கள். கிருமி உள்ளவனின் கட்டிலுக்கு எவ்வளவு அருகில் படுக்கிறானோ, அவ்வளவுக்குத் தொற்றும் வாய்ப்பு கூடியது. ஒரே அறையில் ஆறு பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம். டென்மார்க் போன்ற நாடுகளில் ருமாட்டிக் காய்ச்சல் பெனிசிலின் வருவதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. வீடுகள் விசாலமானபோது, ஒரு படுக்கையில் படுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தபோது, கிருமிக்குத் தாவும் வழி குறைந்தது. மைட்ரல் வால்வைக் காப்பதில் கொத்தனாருக்கும் பங்கு உண்டு.

எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பெரும்பாலானவை வைரஸ் தொற்று, தானே ஆறுபவை. மூக்கொழுகலும் இருமலும் கூடவே இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். மூக்கொழுகல் இல்லாமல், திடீரென்று காய்ச்சலோடு வந்து, எச்சில் விழுங்கவே முடியாமல், கழுத்தில் நெறி கட்டி வலித்தால் மருத்துவர் ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சந்தேகிப்பார். ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்படி வந்தால் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதோடு நிறுத்தாமல் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கொடுத்த மருந்தை, வலி போனபின்னும், சொன்ன நாள்வரை முடிக்க வேண்டும்.

நாட்காட்டியில் ஒரு வட்டம்

முதல் தொண்டை வலியைத் தவறவிட்டு மூட்டு வீங்கிவிட்டால்கூட, இன்னொரு வாசல் திறந்தே இருக்கிறது. அதன் பெயர் பென்சத்தீன் பெனிசிலின். 1950களின் தொடக்கத்தில் வந்த மருந்து. தசைக்குள் ஆழமாகப் போட்டால் அங்கேயே தங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக ரத்தத்தில் கரையும். கரைந்துகொண்டிருக்கும் நாள்வரை அடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டையில் குடியேற முடியாது. பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. நோயாளிகள் வாயில் இதற்கு 'இருபத்தொரு நாள் ஊசி' என்று பெயர்.

பெனிசிலின் பயன்பாட்டுக்கு வந்து எண்பது ஆண்டு கடந்தும், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஆன்டிபயாடிக்காக நாம் இழந்துவரும் காலத்தில் இது பெரும் பேறு. வடக்கு உகாண்டாவின் குலு பகுதியில், வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் எக்கோவில் மட்டும் தொடக்கநிலை வால்வுச் சேதம் தெரிந்த 818 பிள்ளைகளிடம் இந்த ஊசியைச் சோதித்தார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டு. ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதத்தினருக்கு நோய் முற்றியது. போட்டவர்களில் 0.8 சதவீதத்தினருக்கு மட்டுமே. கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணம் 1986 முதல் பத்து ஆண்டு, பள்ளிகளையும் பெற்றோரையும் சுகாதார ஊழியர்களையும் சேர்த்துத் தடுப்பை இயக்கமாகவே நடத்தியது. ருமாட்டிக் காய்ச்சல் அங்கே பல மடங்கு குறைந்தது.

தேடினால் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்பதும் தெரியும். கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளை ஸ்டெதஸ்கோப்பால் சோதித்தபோது ஆயிரத்துக்கு இரண்டு பேரிடம் நோய் தெரிந்தது. அதே பிள்ளைகளை எக்கோவில் பார்த்தபோது எண்ணிக்கை ஏறத்தாழ பத்து மடங்கானது. 2007இல் வந்த முடிவு இது.

இவ்வளவு தெரிந்தும் ஊசி ஏன் நின்றுபோகிறது? அந்த ஊசி வலிக்கும். மருந்து கெட்டியானது, ஊசி நடுவில் அடைத்துக்கொள்ளும், போட்ட இடம் இரண்டு நாள் கடுகடுக்கும். விலை மலிவான மருந்தைத் தயாரிப்பதில் கம்பெனிகளுக்கு ஆர்வம் குறைவு, அதனால் கிடைக்காமல் போகும் மாதங்கள் உண்டு. ஒவ்வாமைக்குப் பயந்து போட மறுக்கும் கிளினிக்குகள் உண்டு. கடும் ஒவ்வாமை அரிது, ஆனால் பயம் அரிதில்லை. இதயம் மிகவும் தளர்ந்துபோனவர்களுக்கு ஊசியா, மாத்திரையா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வேறு: பிள்ளை நன்றாக இருக்கிறது. ஓடுகிறது, ஆடுகிறது. ஒரு வலியும் இல்லாத பிள்ளையை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏற்றி, வலிக்கும் ஊசிக்குக் கூட்டிப்போக எந்தத் தாய்க்கும் மனம் தயங்கும்.

அந்தத் தயக்கத்தை அறிவுரையால் வெல்ல முடியாது. ஊசி, பிள்ளை இருக்கும் ஊருக்கு வரவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து தடையின்றி இருக்கவேண்டும். யாருக்கு என்றைக்கு ஊசி என்ற பதிவேடு செவிலியர் கையில் இருக்கவேண்டும். வராத பிள்ளையைத் தேடி யாராவது வீட்டுக்குப் போகவேண்டும். 2018இல் உலக சுகாதாரப் பேரவை ருமாட்டிக் இதய நோய்க்கென்றே தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் பிள்ளையின் தசைவரை போய்ச் சேர்வது இந்தச் சிறு வேலைகளால்தான்.

இருபத்தொரு நாளில் ஒரு வசதி உண்டு. அது சரியாக மூன்று வாரம். முதல் ஊசி செவ்வாயன்று என்றால் எல்லா ஊசியும் செவ்வாயன்றுதான். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மூன்று செவ்வாய்க்கு ஒரு வட்டம் போட்டால் போதும். ஆண்டுக்குப் பதினேழோ பதினெட்டோ வட்டம். வால்வில் சேதம் இருந்தால் பத்து ஆண்டோ, இருபத்தைந்து வயதோ, எது பின்னால் வருகிறதோ அதுவரை. கடுமையான சேதம் என்றால் அதற்கும் மேலே.

ஐந்தாம் வகுப்பில் முட்டி வீங்கிய அன்றே அந்தச் சிறுமிக்குத் தொடங்கியிருந்தால், இந்தக் கர்ப்பத்துக்குள் இருநூறு ஊசி ஆகியிருக்கும். இருநூறு முறை வலி, இருநூறு முறை பஸ், இருநூறு முறை அம்மாவின் அரைநாள் வேலை. சிறிய விலை அல்ல. அவள் சுவரில் சாய்ந்து விழித்திருந்த இரவுகளை அறிந்த அவளுடைய அம்மாவிடம் இன்று கேட்டால், நாட்காட்டியை எடுத்துவந்து முதல் வட்டத்தை அவரே போடுவார். இன்னும் தாமதமாகிவிடவில்லை. பலூன் திறந்த வால்வையும் அடுத்த தொண்டை வலியிலிருந்து காக்கவேண்டும். வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு முதல் ஊசி.